பௌசியா அழித்த புள்ளி

கள்ளக்குறிச்சியில் யாராவது இறந்துபோனால் முதல் போன் உறவுக்காரர்களுக்குப் போகும். இரண்டாவது போன் பௌசியாவுக்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சாதுல்லா ஸ்டுடியோவில் இருபத்தாறு வருடமாகப் படங்களைச் சுத்தம் செய்பவர் அவர். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு முகம் வேண்டும். இறந்தவர் தனியாக நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும். யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டுவருவார்கள். பௌசியா அதிலிருந்து முகத்தை வெட்டி எடுப்பார். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பக்கத்து ஆளின் காதை அழிப்பார். மூடியிருந்த கண்ணைத் திறந்து வைப்பார். வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிவிடுவார். இந்தப் பக்கத்து ஆண்கள் பலர் தங்கள் வாழ்நாளின் மிக நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டது அவர் கையால்தான். வாழ்நாள் முடிந்த பிறகு என்பது மட்டும் ஒரு குறை.

ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ரங்கம்மாள், கணவரின் படத்தைத் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் கடையில் பேச்சாக இருக்கிறது.

"யாரும்மா இது, மாப்ள மாரி?"

"உங்க வூட்டுக்காரருதான்மா."

"அந்தாளு உசுரோட இருக்கசொல்ல இந்த மொகத்த எங்க ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தான்?"

இத்தனை ஊருக்கு முகம் செய்துகொடுத்தவர் வீட்டுச் சுவரில், போன வருடம் மௌத்தான அவருடைய கணவர் சாதுல்லாவின் படம் கிடையாது. இறந்தவர் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போடுவது அவர்கள் வழக்கமில்லை. வழக்கம் இருந்திருந்தாலும் எந்தப் படத்தை மாட்டுவது என்பது வேறொரு சிக்கல்.

பௌசியா இந்த வேலையைக் கற்றது பிலிம் காலத்தில். நெகட்டிவில் தூசி விழுந்த இடம் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக வரும். அதை மயிரிழை தூரிகையால் சாயம் தொட்டு மூட வேண்டும். மருமகளாக வந்த மூன்றாம் மாதம் சாதுல்லா அவர் கையில் தூரிகையைக் கொடுத்து, தொழில் ரகசியம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லி முடித்தார்: "கஸ்டமர் பாக்கறதுக்கு முன்னாடி புள்ளிய நாம பாத்துடணும்." இந்த ஊரில் படம் வாங்க வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார். புள்ளி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். தியாகதுருகத்து வீடு ஒன்று, மணப்பெண்ணின் புடவை முந்தானையில் கடுகளவு வெள்ளை இருந்ததற்காக நாற்பது பக்க ஆல்பத்தைத் திருப்பி அனுப்பியது. பெண் அந்தக் கல்யாணத்தில் சந்தோஷமாக இருந்தாளா என்பதைப் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை.

அதற்குப் பிறகு பௌசியா எதையும் விட்டுவைக்கவில்லை. முதலில் தூசி. பிறகு முகப்பரு. கம்ப்யூட்டர் வந்ததும் சுவரின் கறை, சட்டையின் கசங்கல், கடைசியில் மச்சம். கை தானாகப் போகும். படத்தில் எது தூசி, எது மனிதன் என்று அவர் கண்ணுக்கு அரை நொடியில் தெரியும். தெரிந்தும் இரண்டையும் அழிப்பார்.

சாதுல்லாவுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். உம்ராவுக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது அடையாளக் குறி என்ற இடத்தில் அதைத்தான் குறிப்பிட்டார்கள். ஒட்டிய படத்தில் மச்சம் இல்லை. பௌசியா வழக்கம்போல் சுத்தம் செய்திருந்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. சாதுல்லா அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "மெக்காவுக்குப் போவாம என்னத் தடுத்தது எம் பொண்டாட்டியோட மவுஸு." அடுத்த வருடம் போகலாம் என்றார்கள். அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கியவர் அதே படியில் உட்கார்ந்தார். எழவில்லை.

பௌசியா அழுவதைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: கடையில் லைட் அணைத்தார்களா? கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும், கணவரின் தம்பி வசீம் கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்து வைக்க, அவர் உள்ளறையில் உட்கார்ந்து மற்றவர்களின் இறந்தவர்களைச் சுத்தம் செய்தார்.

"அழுதுடுங்க பாபி. கனம் கொறையும்," என்றான் வசீம்.

"வரலப்பா. வந்தா அழுவ மாட்டனா?"

ஈறில் ஊசி போட்டு மரத்துப்போன பல்லைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னார். பல் இருக்கிறது, நாக்குக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இத்தா முடிந்து கடைக்கு வந்து எட்டு மாதம் ஆனபோது, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தமிழழகன் மாடியேறி வந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சம்பளத்தில் பாதியை வீட்டுக்கும் பாதியை வானத்துக்கும் கொடுப்பவர். சென்னையிலிருந்து கண்ணாடி வரவழைத்து, குழாயும் மோட்டாரும் சேர்த்துத் தானே கட்டிய தொலைநோக்கி ஒன்று பள்ளி மொட்டைமாடியில் நிற்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கேமராவை அதில் பொருத்தி, அதே பத்துப் பதினைந்து விண்மீன் திரள்களைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார். எதற்கு என்று தலைமையாசிரியர் ஒருமுறை கேட்டார். ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பதற்கு என்றார் இவர். மாறியிருக்கிறதா என்றார் அவர். இல்லை என்றார் இவர்.

"அக்கா, ஒரே எடத்த முப்பத்திரண்டு படம் எடுத்திருக்கேன். ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு ஒரே படமாக்கணும். என் லேப்டாப் ஜனவரியிலயே படுத்துடுச்சு. திங்கக்கெழம ஸ்கூல்ல கண்காட்சி. இருபதுக்கு முப்பது, கண்ணாடி பிரேம் போட்டு."

பௌசியா அவருடைய கேமரா கார்டைப் போட்டுத் திறந்தார். "இது இன்னா சார், வாளியில சோப்புத் தண்ணி சுத்துறாப்ல?"

"கேலக்ஸிக்கா. சுருள் கேலக்ஸி. அங்கேர்ந்து இந்த வெளிச்சம் கெளம்பி ஆறு கோடி வருஷம் ஆவுது."

"வந்து சேர்றதுக்குள்ள அழுக்காயிடாதா?"

தமிழழகன் சிரித்துவிட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க இறங்கி ஓடினார்.

முப்பத்திரண்டு படங்களையும் பௌசியா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மோட்டார் அவ்வளவு சீராக ஓடாததால் ஒவ்வொரு படத்திலும் அந்தச் சுருள் கொஞ்சம் கொஞ்சம் தள்ளியிருந்தது. அதை நேராக்கும்போதுதான் அந்தப் புள்ளியைப் பார்த்தார். சுருளின் வெளிக்கையில், இரண்டு நல்ல நட்சத்திரங்களுக்கு நடுவே, அவற்றில் சின்னதைவிடவும் மங்கலாக ஒன்று. கேமராவின் கோளாறாக இருந்தால் சுருள் நகர்ந்தாலும் புள்ளி படத்தில் அதே இடத்தில் நின்றிருக்கும். இது சுருளோடு சேர்ந்து நகர்ந்தது. ஆக இது கேமராவைச் சேர்ந்ததில்லை, சுருளைச் சேர்ந்தது. படித்த ஆட்கள் கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய இதை அவர் அரை நிமிடத்தில் கண்டுகொண்டார்.

கண்டுகொண்டு, அழித்தார். மற்ற நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. வேண்டுமென்றே வைத்த மாதிரி. இது மட்டும் இருப்பதா வேண்டாமா என்று தயங்கிய மாதிரி இருந்தது. கண்ணாடி பிரேமுக்குள் பார்த்தால் தூசி உள்ளே மாட்டிக்கொண்டது என்பார்கள், திருப்பிக்கொண்டு வருவார்கள். முந்தானைக் கடுகு அவர் நினைவில் இருந்தது.

ஞாயிறன்று தமிழழகன் வந்து படத்தை வாங்கினார். அழகு என்றார். கார்டை வசீம் காலி செய்து கொடுத்தான். அது சாதுல்லா காலத்து மரியாதை. காலி செய்யாமல் கொடுத்தால் அடுத்த வாரம் வந்து, "கார்டு ரொம்பிப்போச்சு, ஒண்ணும் எடுக்க முடில" என்று கடையைத்தான் திட்டுவார்கள். கடைக் கம்ப்யூட்டரில் இருந்த நகல் வியாழக்கிழமை மாலை அழிந்தது. மறுநாள் ஜும்மா; வெள்ளிக்கு முன் மேஜையைச் சுத்தமாக வைப்பதும் சாதுல்லா காலத்துப் பழக்கம்தான். எல்லாமே ஒழுங்காக நடந்தது. இவ்வளவு ஒழுங்காக நடக்காமல் இருந்திருந்தால் ஏதாவது மிச்சம் இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை தமிழழகன் மறுபடி வந்தார். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியிருந்தார்.

"அக்கா, அந்தப் படத்துல இந்த எடத்துல ஏதாவது இருந்துச்சா?" போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே சுருள். வெளிக்கையில், இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே, ஒரு புள்ளியைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தது.

பௌசியா பார்த்தார். "இருந்துச்சு சார். அழிச்சிட்டேன்."

தமிழழகன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அது சூப்பர்நோவா என்றார். ஒரு பெரிய நட்சத்திரம் செத்தால் வெடிக்கும். ஒரே நட்சத்திரம், தான் இருக்கும் கேலக்ஸி முழுவதற்கும் ஈடாக வெளிச்சம் போடும். ஆனால் இது அப்படி இல்லை. வழக்கமாக வர வேண்டியதில் மிகச் சிறு பங்குதான் வெளிச்சம். இப்படி மங்கலாக வெடிப்பது அபூர்வம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. திங்கள் இரவு வெளிநாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கி இதைப் பார்த்திருக்கிறது. அதற்கு முந்தைய சில நாட்களில் அந்த இடத்தைப் படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாம எடுத்தது வெள்ளிக்கெழமக்கா. மூணு நாள் முன்னாடி. ஒலகத்துலயே நம்ம கிட்டதான் இருந்திருக்கு. அனுப்பினா எம் பேரும் ஸ்கூல் பேரும் அதுல ஏறும். பன்னண்டு வருஷத்துல எனக்கு ஆப்ட ஒரே புள்ளி."

"ஏன் சார் வெளிச்சம் கம்மி?" பௌசியா கேட்டார். இழப்பைவிட அதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டதுபோல.

"ஒரு கருத்து சொல்றாங்க. வெடிக்கிறது வெடிச்சிடும். ஆனா வெளிய வரவேண்டியதுல முக்காவாசி திரும்ப உள்ளயே வுழுந்துடும்னு."

"உள்ளயே வுழுந்துடுமா."

"ஆமாங்க்கா."

பௌசியா தலையை ஆட்டினார். வசீமைப் பார்த்து, "கார்டுல ஏதாவது வருமா பாரு" என்றார்.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை வசீம் ஓடவிட்டான். கார்டிலிருந்து வந்தது பள்ளி விளையாட்டு விழா. புதன்கிழமை தமிழழகனே அந்தக் கார்டைப் போட்டு நானூறு படம் எடுத்திருந்தார். ஆறு கோடி வருடம் பயணம் செய்து வந்த வெளிச்சத்தின் மேல் பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் தேடினால் ஒரு கல்யாண வீடியோ. அதை அங்கே நிரப்பியது வசீம். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கை போட்டிருந்ததால் யாரும் யாரையும் திட்ட முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தமிழழகன் மெதுவாகக் கேட்டார். "அக்கா, உங்களுக்கு அந்த எடம் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குது."

"எவ்ளோ வெளிச்சம்னும் தெரியும்?"

"பெரிய நட்சத்திரத்துக்குக் கீழ. சின்னதுக்கும் கொஞ்சம் கம்மி."

"அப்ப திருப்பி வெச்சிக் குடுத்துடுங்க. பொய் இல்லையே. இருந்ததுதான?"

வசீம் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலை நிறுத்தினான். இது பெரிய வேலையே இல்லை. செத்தவர்களுக்குக் கண்ணைத் திறந்துவைத்த கை. வாங்காத சட்டையை மாட்டியது, போகாத ஊருக்கு முன்னால் நிற்கவைத்தது, ஒன்றாக நிற்காத அண்ணன் தம்பியைத் தோளில் கைபோட வைத்தது. உண்மையாகவே இருந்த ஒரு புள்ளியை இருந்த இடத்திலேயே வைப்பதற்கு இரண்டு நிமிடம்.

"வேணாம் சார்," என்றார் பௌசியா.

"ஏங்க்கா?"

"எங்க வூட்டுக்காரருக்கு இங்க ஒரு மச்சம் இருந்துச்சு." தன் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். "எல்லாப் படத்துலயும் நாந்தான் அழிச்சேன். இத்தா இருக்கசொல்ல ஒருநாள், திருப்பி வெக்கலாம்னு கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்தேன். ஒரு எடத்துல வெச்சேன். தூசி மாரி இருந்துச்சு. கொஞ்சம் மேல வெச்சேன். அதுவும் தூசிதான். மூணாவதா ஒண்ணு வெச்சேன். அப்புறம் எது நெஜம்னு எனக்கே தெரில. அதுக்கு முன்னாடி கண்ண மூடினா ஒரு மச்சம் தெரியும். இப்ப மூணு தெரிது."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதயும் வெச்சிட்டா, இருந்ததும் போயிடும் சார்."

வசீமுக்கு இதெல்லாம் புதிது. ஒரே வீட்டில் இருந்தும் கேள்விப்படாதது. அவன் கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்தான், ஆனால் எதையும் வெட்டவில்லை.

"அவங்களுக்கு ஒரு கடுதாசி வேணா எழுதிடலாம்," என்றார் பௌசியா. "நான் சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல போடுங்க."

தமிழழகன் எழுதினார். நம்பிக்கை இல்லாமல்தான் எழுதினார். பௌசியா சொன்னது இவ்வளவுதான்: என் பெயர் பௌசியா. வயது நாற்பத்தெட்டு. படங்களில் புள்ளி நீக்குவது என் தொழில். இந்த ஆசிரியர் வெள்ளிக்கிழமை இரவு எடுத்த முப்பத்திரண்டு படங்களிலும் நீங்கள் வட்டம் போட்ட இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அது கேமராவின் குறை அல்ல, சுருளோடு நகர்ந்தது. மேலே உள்ள நட்சத்திரத்தைவிடக் குறைவு, கீழே உள்ளதைவிடவும் கொஞ்சம் குறைவு. தவறு என் மேல். ஆசிரியர் மேல் இல்லை.

"கார்ட நாந்தான் காலி பண்ணேன்னும் போடுங்க," என்றான் வசீம்.

"அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?"

"போடுங்க சார்."

அதையும் போட்டார்கள். விளையாட்டு விழாவைத் தமிழழகன் தானாகவே சேர்த்துக்கொண்டார். வானியல் வரலாற்றில் இத்தனை குற்றவாளிகள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேறு இருக்க வாய்ப்பில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். நேர்மைக்கு நன்றி, நீங்கள் சொல்லும் அளவு நம்பத்தக்கதாக இருக்கிறது, ஆனால் படம் இல்லாமல் எதையும் பதிவில் சேர்க்க இயலாது. தமிழழகன் போனில் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். பௌசியா ஒரு பேனரில் மாலை வைத்துக்கொண்டிருந்தார். "சரிங்க சார்" என்றார். மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அந்த நட்சத்திரம் அதற்குள் இன்னும் மங்கி, பெரிய தொலைநோக்கிகளுக்கே எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கிறது. அது திங்கள்கிழமையில் தொடங்குகிறது.

கடையில் ஒன்று மட்டும் மாறியது. வசீம் இப்போது கார்டைக் காலி செய்து தருவதில்லை. "கார்டு ரொம்பிப்போச்சு" என்று வந்து திட்டுகிறார்கள். பேசாமல் வாங்கிக்கொள்கிறான். பௌசியா மாறவில்லை. பரு, கறை, கசங்கல் எல்லாம் முன்புபோலவே போகின்றன. மச்சம் வந்தால் மட்டும் மவுஸைப் பிடித்தபடி, "இது இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?" என்று கேட்கிறார். எல்லோரும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்துவிடுகிறார்.

ஆகஸ்டில் தமிழழகன் வற்புறுத்தி அழைத்ததால் பௌசியாவும் வசீமும் பள்ளிக்குப் போனார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கிய பஸ்ஸில் பௌசியா தூங்கிவிட்டார். பள்ளியில் டீ கொடுத்தார்கள். மொட்டைமாடியில் தொலைநோக்கி மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கால் மூடியிருந்தது. மேகம் தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்த மாதத்தில் ஒருநாள்கூட எதையும் பார்த்ததில்லை என்று தமிழழகன் பெருமையாகச் சொன்னார்.

ஆய்வகத்துக்கு வெளியே அந்தப் படம் தொங்கியது. இருபதுக்கு முப்பது, கண்ணாடி பிரேம். எந்தக் குறையும் இல்லாத வேலை. ஆனால் சுருளின் வெளிக்கைக்கு மேலே கண்ணாடியில் ஒரு அழுக்கு. கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, மங்கலாக.

"எல்லா கிளாஸுக்கும் காட்டுவேன்கா. இங்கதான் இருந்துச்சுன்னு. காட்டிக் காட்டி இப்படி ஆயிடுச்சு. பசங்களும் வந்து தொட்டுட்டுப் போறாங்க."

பௌசியாவின் கை பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துவிட்டது. கண்ணாடிவரை போயும்விட்டது. அங்கே நின்றது. அவர் கண்களை மூடினார். கொஞ்ச நேரம் மூடியபடியே இருந்தார். பிறகு திறந்தார்.

"இங்க இல்ல சார்."

"இன்னாக்கா?"

"இன்னும் ஒரு நகம் அளவு எடது பக்கம்."

தமிழழகன் விரலை வைத்தார். "இங்கயா?"

"கொஞ்சம் மேல. இன்னும். ம்... அங்க."

விரலை எடுத்ததும் கண்ணாடியில் புதிதாக ஒரு சின்னத் தடம் இருந்தது. பௌசியா அதைப் பார்த்தார். கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்து, கீழே இறங்க அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.